கூடாரம் யார் பெயரில்

1

இந்தக் கதை என்னிடம் ஒரு வேலையாகத்தான் வந்தது. அமெரிக்காவின் நடுமேற்கில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், கூடாரம் அடித்து மூன்று நாள் தங்குவதற்கு ஓர் இடம் தெரிவுசெய்து தரவேண்டும். அவ்வளவுதான் கேட்டார்கள். நான் மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒருநாளும் கூடாரத்தில் படுத்ததில்லை. மிசிசிப்பியைப் பார்த்ததுமில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"ஆறு ஓடிக்கொண்டிருந்தது." ஆறு வேறென்ன செய்யும்? வெட்டிவிட்டேன்.

"சவிரிமுத்துவும் அருமைநாதனும் ஒருதாய் வயிற்றுப் பிள்ளைகள். பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை." இது உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் உடனே ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு ஐந்தாம் பகுதிவரை நான் ஆயத்தமில்லை.

மூன்றாவது தொடக்கம்: "நான் —"

[அது அந்தச் சொல்லைத் தாண்டவில்லை.]

ஆகவே வேலையிலிருந்தே தொடங்குகிறேன்.

2

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்ப் பூசை முடிந்து கத்தோலிக்கக் கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போலச் சுவர் ஓரத்துக் கதிரையில் இருந்தேன். அருமைநாதன் அண்ணையின் மனைவி யோசெப்பின் அக்கா ஒரு கையில் ரோல்ஸும் மறுகையில் தொலைபேசியுமாக வந்து என் பக்கத்தில் அமர்ந்தார்.

"வலன்ரைன், நீர் எந்த நேரமும் வாசிச்சுக்கொண்டிருக்கிற ஆள்தானே?"

"ஓம் அக்கா."

"அப்ப இதையும் வாசியும்."

தொலைபேசியில் ஒரு பட்டியல் இருந்தது. அயோவா, இலினொய், விஸ்கொன்சின் மாநிலங்களின் ஆற்றங்கரை முகாமிடங்கள். இருநூற்றுப் பதினான்கு.

"ஆத்தங்கரையிலை இருக்கோணும். எங்களுக்கும் பெரியத்தானுக்கும் நடுவிலை இருக்கோணும். ஓகஸ்ட் பதினைஞ்சு மாதா திருநாள் பூசைக்குக் கிட்டடியிலை ஒரு கோயில் இருக்கோணும். வளைஞ்சு வளைஞ்சு போற றோட்டு ஆகாது."

"வேறை?"

"கக்கூஸ் துப்பரவா இருக்கோணும். அது எனக்கு."

பெரியத்தான் என்பது சவிரிமுத்து அண்ணை, அருமைநாதனின் தமையன். டென்வரில் இருக்கிறார். வயது எழுபத்தாறு. அருமைநாதன் அண்ணை மொன்றியலுக்கு ஆற்றின் அக்கரையில், லொங்குய்ய்யில் இருக்கிறார். வயது எழுபது. இருவரும் மன்னார். 2006இல் தாய் திரேசம்மா இங்கே மொன்றியலில் இறந்தபின் தொலைபேசியில் ஒரு சண்டை வந்தது. அந்தச் சண்டையில் இருவரும் தங்கள் ஊர்க் காவல்தாயான மடுமாதாவின் மேல் சத்தியம் செய்தார்கள். நான் உன்ர வீட்டு வாசல் மிதியன், உன்ர வீட்டிலை பச்சைத் தண்ணியும் வாங்கிக் குடியன்.

மன்னார்க்காரர் சாதாரணமாகச் சத்தியம் செய்தால் இரண்டு நத்தாரில், இரண்டு கிறிஸ்மஸில், கரைந்துவிடும். மடுமாதாவின் மேல் செய்தால் கரையாது. பங்குச் சுவாமி ஒருமுறை அருமைநாதன் அண்ணையிடம் இந்தச் சத்தியத்தை ஆண்டவர் பொருட்படுத்தமாட்டார் என்று சொல்லிப் பார்த்தார். "ஆண்டவர் விட்டிடுவார் சாமி," என்றார் அண்ணை. "நான் சொன்னது அவற்ற தாயிட்டை."

இப்போது சவிரிமுத்து அண்ணைக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இலையுதிர்காலத்தில் சாரதி அனுமதியை எடுத்துவிடுவார்கள். அதற்குமுன் ஒருமுறை தூரத்துக்குத் தானே கார் ஓட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. நத்தாருக்கு நத்தார் யோசெப்பின் அக்கா கணவருக்குத் தெரியாமல் டென்வருக்குத் தொலைபேசி எடுப்பார். கடந்த நத்தாரில் சவிரிமுத்து அண்ணை சொன்னாராம்: "வீடு வேண்டாம், பிள்ளை. ஆரின்ர வீடும் வேண்டாம். நடுவிலை எங்கையாவது ஆத்தங்கரையிலை ரென்ற் அடிப்பம். வாறதெண்டா வரட்டும்."

ஆகவே இந்தக் கோடைதான். அடுத்த கோடையில் அவரால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியுமோ தெரியாது.

3

நான் வாசிக்கத் தொடங்கினேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இடைவேளைகளில், பேருந்தில், வீட்டு மேசையில் என்று ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பின் தெரியாத அமெரிக்கர்கள் எழுதிய கருத்துகளை வாசித்தேன். ஒருவர் நிழல் அதிகம் என்று இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொருவர் அதே இடத்துக்கு நிழல் இல்லையென்று இரண்டு நட்சத்திரம். "ஆறு அழகு, ஆனால் அருகில் இல்லை." "ஆறு மிக அருகில். மே மாதத்தில் எங்கள் மேசைக்கே வந்துவிட்டது." வாசிக்க வாசிக்க எனக்குக் குழப்பம் கூடியது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லோரும் ஒரே தரையில் நின்று வேறு வேறு ஆற்றைப் பார்த்திருக்கிறார்கள்.

(குறிப்பு: ஈழத்தமிழர், கூடாரம் இரண்டும் ஒரே கதையில் வந்தால் வாசகர் அகதி முகாமை எதிர்பார்ப்பார். நானும் ஒரு பந்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக நான் வைத்துக்கொண்ட பந்திகளால் முன்பு ஒரு தீங்கு நடந்திருக்கிறது.)

இருநூற்றுப் பதினான்கு கடைசியில் மூன்றாகியது.

மலைவிளிம்பில் இருந்ததுதான் எல்லோருக்கும் பிடித்த இடம். அங்கிருந்து பார்த்தால் ஆறு முழுவதும் தெரியுமாம். ஆனால் ஏறுகிற பாதையில் பதினொரு வளைவு. கண் மங்கியவர் மாலை வெயில் முகத்தில் அடிக்க அதில் ஏறுவதை நினைத்ததும் விட்டுவிட்டேன்.

இரண்டாவது ஆற்றின் நடுவே ஒரு தீவு. இதில் நான் மயங்கினேன். சண்டை பிடித்த இருவர், சுற்றிலும் தண்ணீர், ஒரே ஒரு பாலம். எந்த எழுத்தாளனும் இதைத்தான் எடுப்பான். ஒரு வாரம் இதையே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. அவர்கள் இருவரும் என் கதைக்கு வசதியாகத் தீவில் போய் இருக்கவேண்டியதில்லை.

மூன்றாவது ஒரு சிறிய உள்ளூர்ப் பூங்கா. தட்டையான தரை, நேரான பாதை, ஆறு நிமிடத்தில் கத்தோலிக்கக் கோயில். கழிப்பறை துப்பரவு என்று பதினேழுபேர் எழுதியிருந்தார்கள். ஆனால் நட்சத்திரம் மிகக் குறைவு. காரணம் ரயில். கரையோரம் சரக்கு ரயில்பாதை போகிறது. முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நூறு பெட்டி. "ரயில் போய் முடியும்வரை மனைவியோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை" என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அந்த வரியை நான் பலதடவை வாசித்தேன். பத்தொன்பது வருடம் பேசாத இருவரை ஒரு மேசையில் இருத்தினால் அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? முக்கால் மணிக்கு ஒருமுறை, யாருடைய பிழையுமில்லாமல், மூன்று நிமிடம் பேசாமல் இருக்கலாம். மௌனத்தை இலவசமாகக் கொடுக்கிற இடம்.

அதைத் தெரிவுசெய்தேன். அவர்களுக்காகத்தான் என்று அன்று நினைத்தேன்.

4

இனி அருமைநாதன் அண்ணை. இவர் கதையில் சரியாக நிற்கிறாரில்லை. முதல் வரைவில் பிடிவாதக்காரராக எழுதினேன். இரண்டாவதில் பாவமாக எழுதினேன். மனிதரைப் பார்த்தால் இரண்டும் இல்லை. மஞ்சள் மெத்ரோவில் லொங்குய்ய் போய் அவரைச் சந்தித்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

மேசையில் நான் அச்சடித்துக் கொண்டுபோன வரைபடம். அண்ணை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அந்தாளுக்கு மிசிசிப்பிதான் கேக்குதோ? ஏன், எங்கடை ஆறு காணாதோ?"

"எங்கடை ஆறெண்டபடியாத்தான் காணாது," குசினிக்குள் இருந்து யோசெப்பின் அக்கா சொன்னார். "நடு ஆறு வேணும்."

"பதினாறு மணித்தியாலம் ஆர் ஓடுறது?"

"நான் ஓடுறன். நீங்கள் வழக்கம்போல பக்கத்திலை இருந்து பிறேக் பிடியுங்கோ."

அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் விரல் வரைபடத்தில் ஆற்றின்மேல் மெதுவாகப் போனது. "உங்கை மீன் பிடிக்க விடுவாங்களோ?"

"லைசென்ஸ் எடுக்கவேணும் அண்ணை."

"எடுப்பம். மீன் பிடிக்கிறதெண்டா அவரோடை கதைக்கத் தேவையில்லை."

"கதைக்காமல் இருக்கவோ இவ்வளவு தூரம் போறம்?" என்றார் அக்கா.

"நீ சும்மா இரு. தம்பி, உனக்குத் தெரியும்தானே. பெத்த தாய் செத்ததுக்கு ரண்டு வரி. ரண்டே ரண்டு வரி எழுதி அனுப்ப அவருக்கு நேரம் கிடைக்கேல்லை. சரி, விடு. பேந்து அனுப்பினனான் எண்டு என்னட்டையே பொய். நீதானே சாட்சி."

நான் வரைபடத்தை மடித்தேன். மடிப்பு சரியாக வரவில்லை. திரும்ப விரித்து மடித்தேன்.

[இந்த இடத்தில் நான் பேசியிருந்தால் இந்தக் கதை —]

அக்கா குசினி வாசலில் துணியால் கையைத் துடைத்தபடி நின்று என்னைப் பார்த்தார்.

"தேத்தண்ணி போடட்டே?" என்றார்.

"ஓம் அக்கா," என்றேன்.

5

எங்கள் ஆட்கள் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவுமலர் அடிப்பார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் ஒவ்வொருவரும் எழுதும் அஞ்சலி, நன்றி நவிலல். திரேசம்மாவுக்கு அடித்தபோது தொகுத்தது நான். அப்போது ஒரு டெப்பனரில் வேலை. பால், பியர், சிகரெட், லொத்தர்ச் சீட்டு விற்கிற மூலைக்கடை. கடையில் பேக்ஸ் இயந்திரம் இருந்தது. வெளியூரில் இருப்பவர்கள் எழுதியதை அந்த இலக்கத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தோம்.

சவிரிமுத்து அண்ணை தாயின் அடக்கத்துக்கு வரவில்லை. அமெரிக்காவில் அவருடைய விசா வழக்கு முடியாமல் கிடந்தது. எல்லை தாண்டினால் திரும்ப விடமாட்டார்கள். அவரால் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். எழுதி அனுப்பினார்.

ஆம். வந்தது. கையெழுத்தில் ஒரு பக்கம்.

மடித்துக் குத்துகிற புத்தகத்தில் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் ஏறும். நாங்கள் சொல்லியிருந்தது பதினாறு. என்னிடம் இருந்தது பதினேழு. ஒரு பக்கம் போகவேண்டும். திரேசம்மாவின் வாழ்க்கை வரலாற்றை நான் ஐந்து பக்கத்தில் எழுதியிருந்தேன். அதில் மன்னார்க் கடலைப் பற்றி ஒரு முழுப்பக்கம். அந்தப் பக்கத்தைப்போல நான் அதற்குமுன் எழுதியதில்லை. சவிரிமுத்து அண்ணை எழுதியதில் ஓர் உவமைகூட இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தார். வசனங்கள் முடியாமல் நின்றன.

கடல் நின்றது. அவரை எடுத்தேன்.

(அவரை "எடுத்தேன்" என்று எழுதியிருக்கிறேன். "அவர் எழுதியதை" என்று திருத்தப் போனேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.)

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, அதே நிலக்கீழ் மண்டபத்தில், அருமைநாதன் அண்ணை மலரைப் புரட்டிவிட்டு என்னிடம் வந்தார். "அண்ணை ஒண்டும் அனுப்பேல்லையோ?"

நான் சொல்ல நினைத்தது: அனுப்பினவர் அண்ணை, இடம் காணாமல் போச்சுது. சொன்னது: "இல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? பத்தொன்பது வருடமாக யோசிக்கிறேன். சொல்வதற்கு அது சின்னச் சொல். ஆட்கள் நிறைய நின்றார்கள். பிறகு விளங்கப்படுத்தலாம் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து மலர் தபாலில் டென்வர் போய்ச் சேர்ந்தது. அவர் தொலைபேசி எடுத்து, என்ர பக்கம் எங்கை என்று கேட்டார். எந்தப் பக்கம், நீ அனுப்பினால்தானே என்றார் இவர். அவரிடம் பேக்ஸ் போனதற்கான துண்டு இருந்தது. இவரிடம் என்னுடைய சொல் இருந்தது. ஆளையாள் பொய்யன் என்றார்கள். பிறகு மாதாவை இழுத்தார்கள்.

நான் மௌனத்தை விரும்புகிறவன் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதை மறுத்ததில்லை.

6

நாற்பத்தோராம் இலக்க இடத்தை அருமைநாதன் அண்ணையின் பெயரில் பதிவுசெய்தேன். இங்கேதான் சிக்கல் தொடங்கியது. விபரம் சொல்ல டென்வருக்கு எடுத்தேன். பத்தொன்பது வருடத்தில் அந்தக் குரலை முதல்முறை கேட்கிறேன்.

"ஆர், வலன்ரைனோ? அந்த டெப்பனர்ப் பெடியன்?"

"இப்ப ஐம்பத்தெட்டு அண்ணை."

"உனக்கு ஐம்பத்தெட்டெண்டா நான் செத்தெல்லோ இருக்கோணும்." சிரித்தார். பிறகு கேட்டார், "ஆற்ற பேரிலை புக் பண்ணினது?"

"அருமைநாதன் அண்ணையின்ர பேரிலை."

"அப்ப அது அவன்ர வீடு."

"வெறும் தரை அண்ணை. ஒரு மேசையும் அடுப்பும்தான்."

"மூண்டு நாளைக்கு அவன்ர பேரிலை இருக்கிற தரை அவன்ர வீடுதான். நான் மாதாவாணை சொன்னனான், மிதியன் எண்டு."

பக்கத்தில் நாற்பத்திரண்டை உங்கள் பெயரில் எடுக்கிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார். அருமைநாதன் அண்ணை ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் தன்ர தரையிலை, நான் என்ர தரையிலை. பேந்து நடுவிலை எல்லைக்கல்லும் போடுவம். தண்ணி விடாய்ச்சா ஆற்ற போத்திலிலை குடிக்கிறது?" உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. ஒரு தண்ணீர்ப் போத்தல் யாருடைய வீட்டைச் சேர்ந்தது?

தீர்த்துவைத்தது யோசெப்பின் அக்கா. "ரண்டையும் விட்டிட்டு உம்மட பேரிலை எடும். உம்மட வீட்டை வரமாட்டம் எண்டு ஒருத்தரும் சத்தியம் பண்ணேல்லையே."

திரும்ப டென்வருக்கு எடுத்தேன்.

"உன்ர பேரிலையோ?" என்று கேட்டார். "அப்ப வாறன். உன்னோடை எனக்கென்ன கோவம்? உனக்கு ஒண்டு சொல்லட்டே, தம்பி. அந்த பேக்ஸைப் பற்றி நான் உன்னட்டை ஒருநாளும் கேக்கேல்லை. நீ அவன்ர கையிலை குடுத்திருப்பாய், அவன் கிழிச்சிருப்பான். கேட்டால் நீ எங்கள் ரண்டுபேருக்கும் நடுவிலை நிக்கவேண்டி வந்திருக்கும். உனக்கேன் அந்தக் கரைச்சல் எண்டு விட்டிட்டன்."

"அண்ணை —"

"வை, வை. காசு போகும்."

வாட்சப் அழைப்புக்குக் காசு போகாது. அதைச் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

பூங்காவின் விதி ஒன்று இருந்தது. யார் பெயரில் பதிவோ அவர் நேரில் வந்து கையெழுத்திட்டு, தங்கும் நாள் முழுக்க அங்கே இருக்கவேண்டும். எனக்கு வர முடியாது, வேலை என்று அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"லீவு எடும்," என்றார். பிறகு, ஏதோ கறிக்கு உப்புப் பார்ப்பதுபோலச் சொன்னார்: "பெரியத்தான் பொய் சொல்லுற ஆள் இல்லை. இவரும் பொய் சொல்லுற ஆள் இல்லை. அதுதான் எனக்கு இவ்வளவு காலமா விளங்குறேல்லை."

லீவு எடுக்கிறேன் என்றேன்.

"மறக்காமல் கண்ணாடியும் கொண்டுவாரும். வாசிக்கிற கண்ணாடி."

"எதை வாசிக்க அக்கா?"

"எதையெண்டாலும்."

அவருக்குத் தெரியுமா? இருநூற்றுப் பதினான்கு இடங்களை வாசிக்க வேறு ஆளே கிடைக்காமலா என்னிடம் தந்தார்? இந்தப் பாத்திரத்தை நான் சரியாக எழுதவில்லை. அல்லது அவர்தான் என்னை எழுதிக்கொண்டிருக்கிறார்.

7

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று. பதினைந்தாம் திகதி, பூசை முடிந்து மேசையில் இருக்கிறோம். ரயில் வருகிறது. நூறு பெட்டி. அந்தச் சத்தத்துக்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். சொன்னதாகவும் ஆயிற்று, அவர்கள் கேட்டதாகவும் இல்லை. அந்த இடத்தை நான் ஏன் தெரிவுசெய்தேன் என்று இதை எழுதும்போதுதான் எனக்கு விளங்கியது. இதை நம்பாதீர்கள்.

இரண்டு. நான் சொல்லவே இல்லை. அவர்கள் மீன் பிடிக்கிறார்கள். தூண்டிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். அதுவே போதும் என்று நாம் எல்லோரும் நினைக்கலாம். இலையுதிர்காலத்தில் சவிரிமுத்து அண்ணை சாரதி அனுமதியைக் கொடுத்துவிடுகிறார், தம்பி பொய்யன் என்ற நினைப்போடு.

மூன்று. இந்தச் சனிக்கிழமையே லொங்குய்ய்க்குப் போய்ச் சொல்கிறேன். அருமைநாதன் அண்ணை என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு டென்வருக்கு எடுக்கிறார். நல்ல முடிவு. ஆனால் அதில் ஓர் இடைஞ்சல். என் பெயரிலுள்ள தரைக்கு அதற்குப்பிறகு அவர்கள் இருவரும் வருவார்களா? வராவிட்டால் சத்தியத்தை மீறாமல் சந்திக்க அவர்களுக்கு எந்தத் தரை இருக்கிறது? என்ன செய்தால் சரி என்று எனக்குத் தெரியவில்லை. இதைக் கதையின் உத்தி என்று நினைக்கவேண்டாம். தெரியவில்லை.

இன்னொன்று சொல்லவேண்டும். அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. ஓர் அகராதிக்குள் வைத்திருந்தேன். அக்கால பேக்ஸ் தாள் வழுவழுப்பானது. மை இல்லை, சூட்டால் எழுத்து விழும். வருடம் போகப் போக எழுத்து வெளிறும். நேற்று எடுத்துப் பார்த்தேன். மேலே திகதியும், கீழே "இப்படிக்கு மகன்" என்பதில் பாதியும்தான் மிச்சம். மற்றதெல்லாம் வெறும் மஞ்சள் தாள். சவிரிமுத்து அண்ணை பிரதி வைத்திருக்கமாட்டார். எழுதியது அப்படியே அவருக்கு நினைவிருக்கவும் வாய்ப்பில்லை.

எனக்கு நினைவிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, திரேசம்மாவின் நினைவுநாளில், அதை எடுத்து வாசித்திருக்கிறேன். எழுத்து மங்க மங்க மனதில் ஏறியது. முடியாத வசனங்கள் எங்கே நிற்கின்றன என்பதுகூடத் தெரியும். திரும்பச் சொன்னதாக நான் நினைத்த வரி, இரண்டாவது முறை ஒரு சொல் மாறி வருகிறது. அதைக் காண எனக்கு ஆறு வருடம் சென்றது. மன்னார்க் கடலைப் பற்றி நான் எழுதிய பக்கத்தில் ஒரு வரிகூட இப்போது நினைவில்லை.

ஓகஸ்ட் பதினான்காம் திகதி பிற்பகல் மூன்று மணியிலிருந்து நாற்பத்தோராம் இலக்கம் என் பெயரில் இருக்கிறது. களஞ்சியத்தில் லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிட்டது. கண்ணாடி எடுத்து வைத்தாயிற்று. தாளையும் வைத்திருக்கிறேன். மேசையில் விரித்தால் அது வெறும் தாள். நான் வாய் திறந்தால்தான் அதில் எழுத்து இருக்கும். திறப்பேனா, ரயிலுக்கு முன்னாலா பின்னாலா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். என்னைப் பற்றி நான் தீர்மானித்தவை எல்லாம் எனக்கு வசதியாகவே முடிந்திருக்கின்றன.

ஆனால் அந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டமாட்டேன். அதை முதலில் கேட்கவேண்டியவர் நீங்கள் இல்லை. அதற்கு இங்கே இடம் மட்டும் விடுகிறேன். இந்தக் கதையைப் புத்தகத்தில் ஏற்றுகிறவருக்கு ஒரு வேண்டுகோள்: பக்கம் கூடிவிட்டால் மேலே நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். கீழே இருப்பதைத் தொடவேண்டாம்.

[ஒரு பக்கம். எழுதியவர்: சவிரிமுத்து.]